வீட்டு பிளக்கில் கார் சார்ஜ் ஏறுமா?

கேள்வி: எலெக்ட்ரிக் கார் வாங்க யோசிக்கிறோம். வீட்டு பிளக்கே போதுமா, தனிச் சார்ஜர் வேண்டுமா?

பதில்: ஏசி, கீசருக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக், தனி வயர் இழுத்திருந்தால், போதும். அதில் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். 30 யூனிட் பேட்டரி முழுதாக நிரம்ப 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினமும் 50 கிலோமீட்டர் ஓட்டுபவர் இரவில் செருகிவிட்டுத் தூங்கலாம்.

பேட்டரி ஏற்பது டிசி மின்சாரம். வீட்டுக்கு வருவதோ ஏசி மின்சாரம். காருக்குள் இருக்கும் சார்ஜர்தான் அதை மாற்றித் தருகிறது. அதன் திறனே வேகத்துக்கு எல்லை. அது 3.3 கிலோவாட் என்றால், சுவரில் 7.2 கிலோவாட் சார்ஜர் பெட்டியை மாட்டியும் பயனில்லை. முன்பணம் கட்டுமுன் ஷோரூமில் கட்டாயம் கேட்க வேண்டிய விவரம் இது.

நெடுஞ்சாலை டிசி சார்ஜர்கள் நேராகப் பேட்டரிக்கே மின்சாரம் தருகின்றன. இந்தியக் கார்களில் பெரும்பாலும் சிசிஎஸ்2 இணைப்பு. 80 சதவீதத்துக்கு மேல் வேகம் தானே குறைந்துவிடும். அத்துடன் கிளம்பிவிடுவது நல்லது.

வீட்டில் சார்ஜ் போடுவதானால், முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்க வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் பல கார்கள் சார்ஜே ஏற்காது. சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மணிக்கணக்கில் ஓடும் மின்சாரத்தில் அது சூடாகி உருகலாம்.