ஆறு அகழ்ந்த பெரும்பள்ளத்தாக்கு

ஓய்வு நாட்களில் மக்கள் இயற்கையை நாடிச் செல்லுதல் எந்நாட்டிலும் உள்ள வழக்கமாகும். சிலர் கடற்கரையை விரும்புவர். சிலர் மலையுச்சிக்கு ஏறி மகிழ்வர். உச்சியிலே தொடங்கி, அடியை நோக்கி இறங்கிச் செல்லும் உலாவும் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிராண்ட் கேன்யன் என்னும் பெரும்பள்ளத்தாக்கில் மக்கள் மேற்கொள்ளும் உலா அத்தகையது.

ராக்கி மலைத்தொடரில் பிறக்கும் கொலராடோ ஆறு, உயர்ந்ததொரு பீடபூமியின் ஊடே ஓடுகின்றது. அது ஏறக்குறைய ஐம்பது அறுபது இலட்சம் ஆண்டுகளாகப் பாறையை அறுத்து அறுத்து இப்பள்ளத்தாக்கை ஆக்கியது என்பர் நிலநூல் வல்லுநர். இதன் நீளம் 446 கிலோமீட்டர். சில இடங்களில் இதன் அகலம் 29 கிலோமீட்டர். ஆழமோ 1,600 மீட்டருக்கும் மேல். விளிம்பில் உள்ள சுண்ணாம்புப் பாறை 27 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. அடியில் ஆற்றங்கரையில் காணப்படும் கரும்பாறையோ 170 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. எனவே, விளிம்பிலிருந்து ஒருவர் இறங்க இறங்க, உலகின் பழங்காலத்தை நோக்கி நடக்கின்றார் என்றே கூறலாம்.

ஹவசுப்பாய் முதலிய பழங்குடி மக்கள் பல நூற்றாண்டுகளாக இங்கு வாழ்ந்து வருகின்றனர். சுனைநீரை நாடி அவர்கள் நடந்த தடமே பிற்காலத்தில் பிரைட் ஏஞ்சல் பாதை என்னும் நடைவழியாயிற்று.

இவ்வாற்றின் வழியே படகில் சென்று பள்ளத்தாக்கை முதன்முதலில் ஆராய்ந்தவர் ஜான் வெஸ்லி பவல் என்பவர். அவர் உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர். 1869ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், ஒன்பது துணைவருடனும் நான்கு படகுகளுடனும் அவர் புறப்பட்டார். சில நாட்களிலேயே ஒரு படகு பாறையில் மோதிச் சிதைந்தது. உணவுப் பொருள்கள் பல நீரோடு போயின. எஞ்சிய மாவும் நனைந்து கெட்டது. ஒருவர் இடையிலேயே விலகினார். ஆகஸ்டு 28ஆம் நாள், கொடியதோர் நீர்ப்பாய்ச்சலைக் கண்டு மனம் தளர்ந்த மூவர், படகை விட்டுப் பாறைமேல் ஏறிச் சென்றனர். அவர்கள் திரும்பவே இல்லை. படகைச் செலுத்திய அறுவரோ மறுநாளே பள்ளத்தாக்கைக் கடந்து வெளியேறினர். பள்ளத்தாக்கின் முடிவு அத்துணை அருகில் இருந்ததை இருசாராருமே அன்று அறிந்திலர்.

இன்று அங்குச் செல்வோர் பலவகையாகப் பொழுதுபோக்குகின்றனர். விளிம்பில் நின்று, கதிரவன் எழும்போதும் மறையும்போதும் பாறைகளின் நிறம் மாறுவதைக் கண்டு களிப்போர் பலர். கோவேறு கழுதையின்மேல் அமர்ந்து இறங்குவோர் சிலர். நடந்தே இறங்குவோரும், ஆற்றில் ரப்பர்ப் படகு செலுத்துவோரும் உளர்.

நடந்து செல்வோர் உணர வேண்டிய உண்மை ஒன்று உண்டு. மலை ஏறுபவன் வலிமை நிறைந்திருக்கும்போது ஏறுகின்றான், களைத்தபின் இறங்குகின்றான். இடையில் சோர்ந்தால் உடனே திரும்பலாம். பள்ளத்தாக்கில் இறங்குபவன் நிலை இதற்கு மாறானது. இறக்கம் எளிதாக இருப்பதால் அவன் தன் வலிமையைத் தவறாக மதிப்பிடுகின்றான். தென்விளிம்பிலிருந்து ஆறு வரை ஏறக்குறைய 1,300 மீட்டர் இறக்கம். அவ்வளவையும் களைத்த கால்களால் மீண்டும் ஏற வேண்டும். மேலும், விளிம்பைவிட அடிப்பகுதியில் வெப்பம் மிகுதி. கோடையில் அது 40 பாகையைத் தாண்டிவிடும். ஆகவே, ஒரே நாளில் ஆற்றுக்குச் சென்று மீள முயலலாகாது எனவும், கோடையில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலில் நடவாமல் நிழலில் தங்க வேண்டும் எனவும் காவலர் எச்சரிக்கின்றனர். நீரை மட்டும் மிகுதியாகப் பருகினால் உடலிலுள்ள உப்புக் குறைந்து கேடு விளையும். ஆதலின் உப்புள்ள உணவையும் உடன் உண்ண வேண்டும்.

ஆற்றிலும் அவ்வாறே விழிப்பு வேண்டும். பெருமழைக் காலத்தில் பக்கத்துச் சிற்றோடைகள் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்து ஆற்றில் தள்ளுகின்றன. அவற்றால் ஆறு நெருக்கப்பட்டு, நுரைத்துப் பாய்கின்றது. தேர்ந்த படகோட்டிகள் இத்தகைய இடங்களில் முதலில் கரையிறங்கி, நீரின் போக்கைக் கூர்ந்து நோக்குவர். வழி தெளிந்த பின்னரே படகைச் செலுத்துவர். படகிலுள்ள அனைவரும் மிதவைச் சட்டை அணிதல் கட்டாயம். 1963ஆம் ஆண்டு முதல், மேலேயுள்ள கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கி வருகின்றது. அதன் ஆழத்திலிருந்து வெளிவரும் நீர் கோடையிலும் மிகக் குளிர்ந்திருக்கும். வெயிலில் காய்ந்த உடல் திடீரென அந்நீரில் வீழ்ந்தால் செயலற்றுப் போகும்.

அணை வண்டலையும் தடுத்துவிடுவதால், படகினர் இரவு தங்கும் மணற்றிட்டுகள் தேய்ந்து வந்தன. அவற்றை மீண்டும் ஆக்கும் பொருட்டு, 1996ஆம் ஆண்டு முதற்கொண்டு சில ஆண்டுகளில் அணையிலிருந்து மிகுதியான நீரைத் திறந்துவிட்டுள்ளனர்.

இப்பள்ளத்தாக்கு 1919ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. 1979ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. படகில் செல்வோர் இசைவுச் சீட்டுப் பெற்றே புறப்பட வேண்டும். குப்பை மட்டுமன்றி மனிதக் கழிவையும் அவர்கள் கலத்தில் அடைத்து வெளியே கொண்டுவருதல் அங்குள்ள விதியாகும். பல நாட்கள் பலர் தங்கிச் சென்ற மணற்கரை, அடுத்து வருவோருக்குத் தூயதாகவே கிடைக்கின்றது.

பாறையையே அறுத்த ஆற்றின்முன் மனிதன் வலிமை சிறிது. ஆயினும், மீண்டு ஏற வேண்டிய வழியை எண்ணிப் பார்த்து முதலடி எடுத்து வைப்பவனுக்கு, அஞ்சத்தக்க அவ்விடமே இன்பம் தரும் இடமாகின்றது. துணிவு வேண்டும், அத்துணிவுக்கு முன் கணக்கும் வேண்டும். பெரும்பள்ளத்தாக்கு தன்னிடம் வருவோருக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.