கோபுரத்தடியில் ஒரு டப்பா

ஜியோகேச்சிங் என்றால் "அது சின்னப் பிள்ளைங்க புதையல் விளையாட்டு" என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த மாதப் பாடம் அந்த விளையாட்டைப் பற்றியதுதான், தம்பி தங்கைகளே. அதற்காக நாம் போகப்போகும் இடம், அமெரிக்காவின் வடமேற்கு மலைகளில் நிற்கும் பழைய காட்டுத்தீக் காவல் கோபுரங்கள்.

முதலில் விளையாட்டு. ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் பொதுமக்களின் கருவி 100 மீட்டர் வரை தவறு காட்டும். 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே ஒரிகன் மாநிலத்தில், பீவர்கிரீக் அருகே, டேவ் உல்மர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சில பொருள்களைப் போட்டு மறைத்து வைத்து, அதன் ஆயத்தொலைவை இணையத்தில் எழுதினார். சில நாள்களிலேயே ஆள் கண்டுபிடித்துவிட்டார். வாளிக்குள் ஒரு பீன்ஸ் டின்னும் இருந்ததாம்! இன்றைய விதிப்படி சாப்பாட்டுப் பொருள் வைக்கக்கூடாது. மிருகங்கள் மோப்பம் பிடித்து வந்துவிடும். மண்ணைத் தோண்டிப் புதைப்பதும் கூடாது. டப்பாவைக் கண்டுபிடித்தால் உள்ளே இருக்கும் குறிப்பேட்டில் பெயர், தேதி எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வர வேண்டும். ஏதாவது எடுத்தால் அதே மதிப்புக்கு ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

சரி, கோபுரம் எதுக்கு?

1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொண்டானா பக்கம் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. தீயணைக்கப் போனவர்களையும் சேர்த்து 80-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். புகை சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகு வலுத்தது. மலையுச்சிகளில் ஆயிரக்கணக்கான கோபுரங்கள் எழுந்தன. கோடைக்காலம் முழுக்க ஓர் ஆள் அங்கே தனியாக இருப்பார். 1913-இல் கலிபோர்னியாவில் ஹேலி டாகெட் என்ற பெண் அந்த வேலையில் சேர்ந்தார். அமெரிக்க வனச் சேவை அப்படி அமர்த்திய முதல் பெண் அவர்தான். கையில் இருந்தது ஒரு தொலைபேசிக் கம்பி மட்டும்.

புகை தெரிகிறது. ஆனால் எங்கே? கண்ணுக்கு எல்லா மலையும் ஒன்றுபோல்தான் தெரியும். இதற்கு ஆஸ்போர்ன் என்ற வனத்துறைக்காரர் ஒரு கருவி செய்தார். வட்ட மேசை மாதிரி இருக்கும். நடுவில் அந்த வட்டாரத்தின் வரைபடம், சுற்றிலும் 360 பாகை குறித்த வளையம். வளையத்தைச் சுழற்றி, ஒரு துளை வழியே பார்த்து, எதிரே கட்டிய குதிரை மயிர் புகையின் அடியில் வந்து நிற்கும்படி செய்தால் திசைக்கோணம் கிடைக்கும். அது திசை மட்டும்தான், தூரம் தெரியாது. பக்கத்துக் கோபுரத்து ஆளும் அதே புகைக்குத் தன் கோணத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் தீ. 20 கிலோமீட்டர் தொலைவில் ஒரே ஒரு பாகை தப்பினால், ஆள் போய் நிற்கும் இடம் சுமார் 350 மீட்டர் தள்ளிப் போகும். அடர்ந்த காட்டில் அது சின்னத் தூரமில்லை, நினைச்சுப் பாருங்க.

உங்கள் கைபேசி செய்வதும் இதற்குச் சொந்தக்கார வேலைதான். அது கோணத்துக்குப் பதிலாகத் தூரத்தை அளக்கிறது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்களில் குறைந்தது நான்கிலிருந்து சமிக்ஞை வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிடுகிறது.

இப்போது அந்தக் கோபுரங்களில் பல கைவிடப்பட்டுவிட்டன. பல இடிந்தே போய்விட்டன. நடைப்பயணிகள் தேடிப் போகும் இடம் என்பதால் அவற்றின் அருகே டப்பா வைப்பது விளையாட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும். இங்கேதான் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. ஜிபிஎஸ் சில மீட்டர் தவறலாம், அதனால் "மேலே இருக்குமோ" என்று மனசு சொல்லும். உளுத்த மரப்படியில் ஏறாதீர்கள்! இடி இடித்தால் உச்சியில் நிற்கவே வேண்டாம். அந்தக் கோபுரத்தில் இருந்தவர்கள்கூட மின்னல் நேரத்தில் காலில் கண்ணாடி பொருத்திய முக்காலியில்தான் நிற்பார்கள். சில கோபுரங்களில் இன்றும் ஆள் வேலை பார்க்கிறார். அது அவருடைய வீடும்கூட. கேட்காமல் படியேறுவது மரியாதையில்லை. டப்பா வைக்கவும் அனுமதி கேட்க வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் கிடைக்காது.

மன்றத்தில் செய்து பார்க்க ஒரு கணக்கு. 'அ' கோபுரத்துக்கு நேர் கிழக்கே 10 கிலோமீட்டரில் 'ஆ' கோபுரம். வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால், 'அ'விலிருந்து புகை 45 பாகையில். 'ஆ'விலிருந்து 315 பாகையில். தாளில் வரைந்து தீ எங்கே என்று குறியுங்கள். பிறகு 'ஆ'வின் ஆள் 316 என்று தப்பாகப் படித்ததாக வைத்து மறுபடி வரையுங்கள். ஏறக்குறைய 120 மீட்டர் நகர்ந்தால் உங்கள் கை சரியாக இருக்கிறது.