கிணற்றடி ஆயில் எஞ்சினைப் பேணும் முறை

செஞ்சி வட்டாரத்தில் இராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகளைச் சுற்றியுள்ள ஊர்களில் பாறையைக் குடைந்து வெட்டிய கிணறுகள் பல உண்டு. ஊற்று மெல்லச் சுரக்கும். சேர்ந்த நீரை உரிய நாளில் இறைத்தாக வேண்டும். உழவர்களின் பம்புசெட்டுகளுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசமாகக் கிடைப்பதால், பல தோட்டங்களில் ஆயில் எஞ்சின் கொட்டகை மூலைக்குப் போய்விட்டது. ஆயினும் மோட்டார் எரிந்துபோனாலோ, மின் இணைப்புக்குக் காத்திருக்க நேர்ந்தாலோ அதுவே துணை. மணிலாவில் விழுது இறங்கும் தருணத்தில் மண் காய்ந்து இறுகினால் காய் பிடிக்காது. அந்த நாளில் எஞ்சின் கிளம்ப மறுத்தால் ஒரு பட்டத்தின் வருவாயே குறையும்.

ஓடித் தேய்வதைவிட, கேட்பாரற்றுக் கிடந்து கெடும் எஞ்சின்களே இன்று மிகுதி. ஆகவே பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது அரை மணி நேரம் தண்ணீர் இறைக்கவிட்டு ஓட்டுங்கள். டீசல் தொட்டியை நிரப்பியே வையுங்கள். காலித் தொட்டியின் உட்புறத்தில் ஈரம் படிந்து நீர் சேரும். புகைபோக்கியின் வாயைத் தகர டப்பாவால் மூடுங்கள். குளவி கூடு கட்டினால் எஞ்சின் மூச்சுத் திணறும். மீண்டும் ஓட்டும்போது டப்பாவை எடுத்துவிட மறக்கக்கூடாது!

பல நாள் கிடந்த எஞ்சினை உடனே கிளப்பாதீர்கள். டீகம்பிரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலால் இருபது சுற்றாவது சுற்றினால் ஆயில் பேரிங்குகளுக்குச் சென்று சேரும். அதற்கு முன் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காப்பி போல் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துள்ளது என்று பொருள். மெக்கானிக் பார்க்கும்வரை ஓட்டக்கூடாது. ஆயிலை எத்தனை மணி நேரத்திற்கொருமுறை மாற்றுவது என்பது எஞ்சினுடன் தரும் கையேட்டில் இருக்கும். ஓடிய மணிக்கணக்கைக் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வந்தாலே போதும்.

குளிரூட்டும் தண்ணீர் பற்றிப் பலரிடம் ஒரு தவறான எண்ணம் உள்ளது. வெளியேறும் நீர் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று, பம்பின் டெலிவரிக் குழாயிலிருந்து வரும் நீரை முழுவதும் திறந்துவிடுகிறார்கள். சிலிண்டர் குளிர்ந்தே இருந்தால் டீசல் முழுமையாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். லைனரும் பிஸ்டன் ரிங்குகளும் தேயும், டீசல் செலவும் கூடும். வெளியேறும் நீர் சுமார் 60 டிகிரி செல்சியஸ், அதாவது தொட்டால் கையை இழுத்துக்கொள்ளும் சூட்டில் இருக்கும்படி வால்வைத் திருகி வைக்கவும். ஆவி பறந்தால் நீர் போதவில்லை என்று அறியவும்.

மணிலா காய் பறிக்கும் நாட்களில் செம்மண் தூசி அதிகம். அப்போது ஏர் பில்டரை நாள்தோறும் பாருங்கள். கறும்புகை வந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது அதைத்தான். டீசல் பீப்பாயை ஒரு நாள் அசைக்காமல் வைத்து, அடியில் தங்கும் கசடு கலங்காமல் மேலாக எடுத்து, துணியில் வடிகட்டி ஊற்றவும்.

2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரை கடந்தபோது விழுப்புரம் மாவட்டத்தில் வயல்கள் நீரில் மூழ்கின. வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினை வெயிலில் காயவைத்துவிட்டுக் கிளப்ப முயல்வது ஆபத்து. தண்ணீர் அமுங்காது; சிலிண்டரில் அது இருக்கையில் வேகமாகச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆயிலையும் டீசலையும் வடித்து, நாசிலைக் கழற்றி, கையால் மெல்லச் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகே மற்ற வேலைகள். நாசிலை மெக்கானிக்கைக் கொண்டு கழற்றுவதே நன்று.

கோடையில் நீர்மட்டம் இறங்கினால் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டும் வழக்கம் உண்டு. இதைச் செய்யவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அது கிணற்றில் தேங்கி, இறங்கியவரைச் சில நிமிடங்களில் மயக்கிக் கொல்லும். அவரைத் தூக்க இறங்குபவரும் மாள்வார். எவரேனும் மயங்கி விழுந்தால் உள்ளே இறங்காமல் 101 என்ற எண்ணில் தீயணைப்புத் துறையை அழையுங்கள். பம்பு மேலிருந்து உறிஞ்ச இயலாத ஆழத்திற்கு நீர் போய்விட்டால், வேறு வகைப் பம்பு குறித்து வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலரைக் கலந்து முடிவு செய்யலாம்.