சுபாவமும் குற்றமும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ வார்த்துக் கொடுத்த சமையல் மேடையில் ஆறு மாதத்திற்குள் மயிரிழை போன்ற கீற்று ஒன்று ஓடிவிட்டதென்றும், வீட்டுக்காரர் முகம் சுளித்தாரென்றும், இனிமேல் கான்கிரீட் வெளியே தெரியாதபடி பளபளக்கும் வர்ணம் பூசிக் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் மனம் நொந்து எழுதியிருக்கிறாய். வர்ண டப்பாவைத் திறக்குமுன், அந்தக் கீற்று பொருளின் சுபாவமா, நம் கையின் குற்றமா என்று விசாரித்துத் தெளிந்துகொள். நாற்பது வருஷ அனுபவத்தில் நான் கற்றுக்கொண்ட விவேகம் அவ்வளவுதான்.

சிமெண்டு காய்ந்து இறுகுவதாகவே பலரும் எண்ணுகிறார்கள்; உண்மையில் அது தண்ணீரோடு ரசாயனமாய்க் கூடிக் கல்லாகிறது. அந்தக் கூடலுக்குச் சிமெண்டின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு நீரே போதுமாயினும், கலவை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் இறங்கவேண்டுமே என்று நாம் அதற்கு மேலும் சேர்க்கிறோம். அந்த மிகுதி நீர் நாளடைவில் ஆவியாகும்போது, தான் இருந்த இடங்களை நுண்துளைகளாக விட்டுச் செல்ல, வார்ப்பும் சற்றே சுருங்குகிறது. இந்தச் சுருக்கத்தின் இழுப்பில்தான் கீற்று விழுகிறது: பெரும் பாரத்தையும் தலைமேல் தாங்கும் இந்தப் பொருளுக்கு, இழுப்பைத் தாங்கும் வலிமை அதில் பத்தில் ஒரு பங்குதான். பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, செடித் தொட்டிகளுக்குள் இரும்புக் கம்பி வலையை வைத்து வார்த்து 1867-இல் காப்புரிமை பெற்றது இந்தக் குறையை நிரப்பத்தான். வானளாவும் மாளிகைகளைத் தாங்கும் வித்தையின் ஆதிகளில் ஒன்று ஒரு பூந்தொட்டி என்பதை, வீட்டுச் சாமான் வார்க்கும் நாம் மறக்கலாகாது. கம்பி வெடிப்பை அகலவிடாமல் பிடித்துக்கொள்ளுமேயன்றி, மயிரிழைக் கீற்றே விழாமல் தடுத்துவிடாது.

புளிப்பினால் வரும் தழும்பும் அந்தக் கீற்றைப் போலவே பொருளின் சுபாவந்தான். நான் வார்த்த மேடை ஒன்றில், பிழிந்த எலுமிச்சை மூடி இரவெல்லாம் கவிழ்ந்து கிடந்தது. காலையில் எடுத்துப் பார்த்தால், மெருகு போய் வெளிறிய ஒரு வட்டம். விரலால் தடவினால் மணல் நெருநெருத்தது. சிமெண்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் புளிப்பு அரிக்கும். மேலே இடும் காப்புப் பூச்சு அதைத் தாமதப்படுத்துமே தவிர, சுபாவத்தை மாற்றாது. இதை நான் முன்னமே சொல்லியிருந்ததால், அந்த வீட்டு அம்மாள், "கிணற்றடிக் கல்லுந்தான் துவைக்கத் துவைக்கக் குழிவிழுகிறது, அதற்காக அதை வெறுக்கிறோமா?" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஆனால், தம்பி, சுபாவம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதும் எளிது. உன் வயதில், ஒரு சித்திரை வெயிலில், துணி துவைக்கும் தொட்டிக்குக் கலவை கெட்டியாயிருக்கிறதென்று இன்னும் ஒரு குடம் நீர் ஊற்றச் சொன்னேன். கம்பியை விளிம்புக்கு மிக அருகில் வைத்தேன். வார்ப்பின்மேல் ஏழெட்டு நாளாவது நனைந்திருக்க வேண்டிய கோணிச் சாக்கை மூன்றாம் நாளே உருவிவிட்டு அடுத்த வேலைக்கு ஓடினேன். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் மேற்பரப்பு மாவாக உதிர்ந்தது. விளிம்பில் துரு செங்கோடாய்க் கசிந்தது. கேட்ட வீட்டுக்காரரிடம், "சிமெண்டு என்றால் இப்படித்தான்" என்றேன். பேசாத ஒரு பொருளின்மேல் என் அவசரத்தைப் பழியாகப் போட்ட அந்த வாக்கியம் இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

மயிரிழைக் கீற்று, பலகைக்குப் பலகை மாறும் சாம்பல் நிறபேதம், ஊசிமுனைத் துளைகள், புளிப்பின் தழும்பு ஆகியவை சுபாவம். உதிர்வு, துரு, ஜல்லி பல்லிளிக்கும் பொந்து, நகம் நுழையும் வெடிப்பு ஆகியவை குற்றம். முன்னவற்றை வேலை தொடங்குமுன்பே மாதிரிப் பலகை ஒன்றைக் காட்டி வீட்டாருக்குச் சொல்லிவிடு. பின்னவற்றிற்கு நீயே பொறுப்பேற்றுக்கொள்.

வர்ணம் பூசி மறைக்கலாமா என்று கேட்டாயே; சந்தர்ப்பம் வாய்த்தால் புதுச்சேரிக்குப் போய், கட்டடக் கலைஞர் ஆன்டனின் ரேமண்ட் வடிவமைக்க, 1930-களின் இறுதியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தார் தங்கள் கைகளாலேயே உழைத்து எழுப்பத் தொடங்கிய கோல்கொண்டா விடுதியை வெளியிலிருந்தாவது பார். பூச்சுக்குள் முகத்தை மறைக்காமல் அந்தக் கான்கிரீட் இத்தனை காலம் நிற்பது, வார்த்தவர்கள் காட்டிய சிரத்தையினால்தான்.

நாளைக் காலையில் அந்த வீட்டிற்குப் போ. கீற்றின்மேல் நகத்தை வைத்து இழுத்துப் பார். நகம் வழுக்கிப் போனால், வீட்டுக்காரரை உட்காரவைத்து இக்கடிதத்தில் உள்ளதைப் பொறுமையாகச் சொல். நகம் இறங்கினால், கூலி கேளாமல் மேடையை உடைத்து மறுபடி வார்த்துக் கொடு. இம்முறை சாக்கின் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்.

உன் நலம் நாடும்,
அண்ணன்