ஏரியைப் படிக்கக் கத்துக்குவோம்

இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலைக்கு வழி கேட்டால் யாரும் சொல்லிடுவாங்க. ஏரிக்குத் தண்ணி வரும் வரத்துக்கால் எங்கேன்னு கேட்டால், பெரியவர்கள் சிலர்தான் கை காட்டுவார்கள். பயிற்சிக்கு வரும் இளம் உழவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

நம்ம பக்கத்து ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பி நிறைபவை. ஒன்றின் கலங்கல் தண்ணீர்தான் அடுத்ததுக்கு வரத்து. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கம் போகுது. அதன் ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1-ல் அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததையும், அடையாற்றில் வந்த வெள்ளத்தையும் யாரும் மறக்கவில்லை.

ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர். உழுத நிலம் அதில் பெரும்பகுதியைக் குடிக்கும். கூரையும் தாரும் குடிக்காது, ஒரே மூச்சில் தள்ளிவிடும். கால்வாயும் அடைபட்டால் சிறு மழை ஏரிக்கு வந்து சேராது. பெருமழை ஊருக்குள் புகும். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் காரணம் ஒன்றே.

நாம் செய்ய வேண்டியவை மூன்று.

ஒன்று: ஆவணியிலேயே வரத்துக்காலில் கடைசி வரை நடந்து பாருங்க. கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பார்த்து, வாய்க்கால் புறம்போக்கின் புல எண்களைக் குறிச்சுக்குங்க. அடைப்பு இருந்தால் புல எண்ணோடு அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக வையுங்க.

இரண்டு: வண்டல் நல்ல உரம்தான். ஆனால் ஆலைக் கழிவுநீர் கலக்க வாய்ப்புள்ள ஏரியில், காரீயம், குரோமியம், காட்மியம் இருக்கான்னு சோதிக்காமல் வண்டி கட்டாதீங்க. வழக்கமான மண் பரிசோதனை இதைக் காட்டாது, தனியாகக் கேட்கணும். நிலத்தில் சேர்ந்த கன உலோகத்தைப் பஞ்சகவ்யம் நீக்காது.

மூன்று: மார்கழியில் மதகடியில் நீர்மட்டம் பார்த்து, ஆயக்கட்டுக்காரர்கள் கூடிப் பேசுங்க. தண்ணி போதுமென்றால் நவரை நெல். பாதிதான் என்றால் உளுந்து, எள். தனித்தனியா முடிவெடுத்தால் கடைமடைதான் காயும்.

ஏரி நீர்வளத்துறையுடையதா, ஊராட்சியுடையதா என்பது காகிதத்தில் இருக்கும். வரத்துக்கால் எதுன்னு தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால், அதைக் கேட்கவே ஆளிருக்காது. இந்த ஆவணியில் உங்க ஊர்ப் பெரியவர் ஒருவரோடு, பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு நடங்க.