ப்ளூஸ் எங்கே போனது?

1960-களின் பிரிட்டிஷ் குழுக்கள் ப்ளூஸிலிருந்து பாப்புக்குத் தாவினார்கள் என்கிறார்களே, அந்த மாற்றத்தைக் காதால் கேட்டு உணர எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி ஒருவர், மொன்றியல்

யார்ட்பேர்ட்ஸில் தொடங்குங்கள். 1964-ல் லண்டன் மார்க்கீ கிளப்பில் மேடையிலேயே பதிவான அவர்களுடைய முதல் ஆல்பம் 'ஃபைவ் லைவ் யார்ட்பேர்ட்ஸ்'. பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகள். அதைக் கேட்ட கையோடு 1965-ல் வந்த 'ஃபார் யுவர் லவ்' பாட்டைப் போடுங்கள். கிட்டார் பின்னால் போய், ஹார்ப்சிகார்ட் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும்! பாட்டு பெரிய ஹிட். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனுக்கோ இது பிடிக்கவில்லை; குழுவை விட்டே போய்விட்டார். அவர் இடத்துக்கு ஜெஃப் பெக் வந்தார், நமக்கு லாபம்தான்.

அடுத்து ரோலிங் ஸ்டோன்ஸ். ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸின் பாட்டிலிருந்து பெயரெடுத்த இந்தக் குழுவே 1966-ல் 'லேடி ஜேன்' என்று அரண்மனைப் பாட்டு பாடியது. ஏன் இந்தத் தாவல்? இரவல் பாட்டை வைத்து எத்தனை நாள் பிழைப்பது? ரேடியோவுக்குத் தேவை, சொந்தமாக மூன்று நிமிட மெட்டு.

அந்த அலை உங்கள் ஊரிலும் அடித்தது. 1966-ல் 'ஒன் டூ ஃபைவ்' பாட்டை வெளியிட்ட தி ஹாண்டட் மொன்றியல் குழுதான். பழைய இசைத்தட்டுக் கடையில் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.