ஒட்டும் முள்ளும்

எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சி ஒன்றை மனத்தில் எண்ணிப் பார்க்கலாம். பள்ளி மாணவனான மகனின் சைக்கிள் பஞ்சராகிவிடுகிறது. தந்தை மகனையும் அழைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு அதைத் தள்ளிச் செல்கிறார். கடைக்காரர் பத்து நிமிடத்தில் ஒட்டுப் போட்டுக் கூலி கேட்கிறார். தந்தையின் முகம் சுருங்குகிறது. "பத்து நிமிட வேலைக்கு இவ்வளவா? இதை நானே செய்துவிடுவேனே!" என்கிறார். பேரம் பேசி, ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார். சில மாதங்கள் கழித்து மீண்டும் பஞ்சர். மீண்டும் அதே கடை. மீண்டும் அதே சொற்கள்.

'நானே செய்துவிடுவேன்' என்று சொல்பவர் ஒருமுறையும் செய்ததில்லை. செய்பவருக்கோ மனமுவந்து கொடுப்பதில்லை. அருகில் நிற்கும் மகன் இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்கிறான்: கையில் அழுக்குப்படும் வேலை நமக்குரியதன்று, அதைச் செய்பவர் நம்மை ஏமாற்றுபவர். ஐந்து ரூபாய் மிச்சமாயிற்று. ஆனால் அந்த வீட்டுக்கு நேர்ந்த இழப்பு அதைவிடப் பெரிது.

செயல் ஒன்று, நோக்கம் பல

தன்னால் செய்யக்கூடிய வேலையைப் பணம் கொடுத்துப் பிறரிடம் செய்வித்துக்கொள்வது சரியா, தவறா? இக்கேள்விக்குச் செயலை மட்டும் பார்த்து விடை கூற இயலாது. இருவர் கடைக்குப் போகிறார்கள். ஒருவர் நோயாளியான தாயைக் கவனிக்க விரைந்து வீடு திரும்ப வேண்டியவர். வேலையை நம்பிக்கையோடு ஒப்படைத்து, நன்றியோடு கூலி கொடுக்கிறார். மற்றவர் சும்மா இருக்க விரும்புபவர். அல்லது கிரீஸ் படிந்த கையை அண்டை வீட்டார் பார்த்துவிடக் கூடாதே என்று அஞ்சுபவர். இருவரும் கொடுப்பது ஒரே தொகைதான். முன்னவர் கடமைக்காகக் கொடுக்கிறார். பின்னவர் சோம்பலுக்கோ தற்பெருமைக்கோ கப்பம் கட்டுகிறார்.

தானே செய்பவரிடமும் இதே வேறுபாடு உண்டு. ஒருவர் கற்றுக்கொள்ளவும், தம் தேவைகளுக்குப் பிறரையே எதிர்பார்த்திருக்கும் நிலையைக் குறைத்துக்கொள்ளவும் செய்கிறார். இன்னொருவர் உழைப்பவர் கைக்குத் தம் காசு போவதைப் பொறுக்காமல் செய்கிறார். அதைத் தற்சார்பு என்று கூற முடியாது, அது உலோபம். ஆகவே, சோம்பல், தற்பெருமை, உலோபம் ஆகிய மூன்றும் உள்ளே இருக்கின்றனவா என்பதையே சாதகர் முதலில் ஆராய வேண்டும்.

டர்பனில் ஒரு காலர்

காந்தியடிகள் 'சத்திய சோதனை'யில் தம் தென்னாப்பிரிக்க வாழ்க்கையைப் பற்றிக் கூறும் இரு நிகழ்ச்சிகள் இங்கு நினைவுகூரத் தக்கவை. அவர் குடும்பத்தோடு டர்பனில் கரையிறங்கியது 1897-இல். வழக்கறிஞர் தொழிலுக்குரிய உடையில் சட்டையிலிருந்து தனியே கழற்றக்கூடிய காலரை நாள்தோறும் மாற்ற வேண்டும். சலவைச் செலவோ மிகுதி. துணியும் சொன்ன நாளில் வந்து சேராது. எனவே சலவை பற்றிய நூல் ஒன்றை வாங்கிப் படித்துத் தாமே துவைக்கக் கற்றார்; துணைவியாருக்கும் கற்பித்தார்.

முதல் காலர் சரியாக அமையவில்லை. கஞ்சி அதிகமாகிவிட்டது, இஸ்திரிப் பெட்டி போதிய அளவு சூடேறவில்லை, காலர் கருகிவிடுமோ என்ற அச்சத்தில் அழுத்தித் தேய்க்கவுமில்லை. அதை அணிந்து நீதிமன்றத்துக்குச் சென்றபோது கஞ்சி உதிர்ந்துகொண்டேயிருந்தது. நண்பர்கள் நகைத்தனர். அவர் அதனால் சிறிதும் கூச்சமடையவில்லை. நாளடைவில் அத்தொழிலில் நல்ல தேர்ச்சியும் பெற்றார்.

இரண்டாவது நிகழ்ச்சி பிரிட்டோரியாவில் நடந்தது. ஆங்கிலேய முடிதிருத்துநர் ஒருவர் இந்தியரான அவருக்கு முடிவெட்ட இகழ்ச்சியோடு மறுத்துவிட்டார். உடனே கத்தரிக்கும் கருவி ஒன்றை வாங்கி, கண்ணாடிமுன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு அமைந்தது, பின்பக்கம் கெட்டுவிட்டது. நீதிமன்றத்தில் மீண்டும் சிரிப்பு எழுந்தது.

இதற்குப் பின் அவர் மனம் சென்ற வழியே முக்கியமானது. மறுத்தவரிடம் அவர் குற்றம் காணவில்லை. கறுப்பருக்கு முடிவெட்டினால் அந்த மனிதர் தம் வாடிக்கையாளரை இழக்க நேரும் என்று எண்ணினார். நம் நாட்டில் தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட சகோதரர்களுக்கு முடிவெட்ட நம் முடிதிருத்துநரை நாம் அனுமதிப்பதில்லையே, அதன் பயனைத்தானே இங்கு அனுபவிக்கிறோம் என்று தம் பக்கம் திரும்பிப் பார்த்தார். தாமே வேலை செய்யத் துணிந்த மனம் பிறர்மேல் பழி போடுவதையும் விட்டது.

பின்னர், 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் செருப்புத் தைக்கவும் அவர் கற்றார். நண்பர் காலன்பாக் மரியன்ஹில் துறவியர் மடத்துக்குச் சென்று அத்தொழிலைப் பயின்று வந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்று, விருப்பமுள்ள பிறருக்கும் கற்பித்தார். உடலால் உழைத்தே உண்ண வேண்டும் என்ற நெறியைக் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலும் அவர் கண்டார்.

முள் எங்கே இருக்கிறது?

இனி அந்தத் தந்தையிடம் திரும்பலாம். ஒரு விடுமுறை நாளில் அவர் தாமே ஒட்டுப் போட அமர்கிறார் என்று கொள்வோம். டயரின் ஓரத்தை நெம்பி, டியூபை வெளியே எடுக்கிறார். காற்றடித்து, வாளித் தண்ணீரில் சிறிது சிறிதாக அமிழ்த்துகிறார். குமிழி எழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்க்கிறார். சொல்யூஷனை மெல்லத் தடவுகிறார். அது சற்று உலரும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமையின்றி உடனே ஒட்டினால் பிடிக்காது. பிறகு ஒட்டை வைத்து அழுத்தி, டியூபை மடிப்பில்லாமல் உள்ளே செலுத்தி, டயரை ஏற்றுகிறார். கடைக்காரர் கைக்குப் பத்து நிமிடமான வேலை தந்தையின் கைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

மறுநாள் காலையில் சக்கரம் மீண்டும் காற்றிழந்து நிற்கிறது. வேறு வழியின்றிக் கடைக்கே செல்கிறார். கடைக்காரர் டியூபைப் பார்த்துவிட்டு, டயரின் உட்புறத்தில் விரலை மெதுவாக ஓட்டி, நுனி மட்டும் தெரியும் சிறு முள் ஒன்றைக் குறட்டால் பிடுங்குகிறார். "ஒட்டு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, ஐயா. முள்ளை எடுக்காமல் விட்டுவிட்டீர்கள்; அது வேறோர் இடத்தில் குத்திவிட்டது."

அன்று தந்தை பேரம் பேசவில்லை. பேச அவருக்கு மனம் வரவில்லை. ஒட்டுப் போடுவது எத்தகைய வேலை என்பதை அவருடைய விரல்கள் அறிந்துகொண்டன. தற்சார்பு தரும் முதற்பயன் சிக்கனம் அன்று. பிறர் உழைப்பின் மதிப்பை அறியும் அறிவே அது. தானே செய்து பார்த்தவனுக்குத்தான் நியாயமாகக் கூலி கொடுக்கத் தெரியும்.

எப்போது ஒப்படைக்க வேண்டும்?

எல்லாரும் தம் வேலையைத் தாமே செய்தால் கைத்தொழிலாளர் பிழைப்பது எப்படி என்ற ஐயம் எழலாம். எல்லாவற்றையும் ஒருவரே செய்வது இயலாது, தேவையும் இல்லை. சக்கரத்தின் கோட்டம் எடுப்பதற்குப் பழகிய கண்ணும் கையும் வேண்டும். மின்சாரம், எரிவாயு போன்றவற்றில் பயிற்சியின்றிக் கைவைப்பது உயிருக்கே ஆபத்து. அங்கே 'நானே செய்வேன்' என்பது அகந்தையாகிவிடும். முதியோருக்கும் நோயாளிகளுக்கும் பிறர் உதவி இயல்பான தேவை. அவசரக் கடமை காத்திருக்கும்போதும் வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பதே முறை.

ஒருவரையொருவர் பேணுவதால் இருசாராரும் நன்மை அடைகின்றனர் என்று கீதை தேவர்களையும் மனிதர்களையும் குறித்துக் கூறுகிறது. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் இக்கருத்து பொருந்தும். இகழ்ச்சியோடு வீசப்படும் கூலியால் வயிறு நிறையலாம். அங்கே பேணுதல் இல்லை.

பயிற்சிக்கு

இம்மாதம் சாதகர் மூன்று பயிற்சிகளை மேற்கொள்ளலாம்.

1. வழக்கமாகப் பிறரிடம் கொடுக்கும் ஆபத்தில்லாத வேலை ஒன்றை, அறுந்த பித்தானைத் தைப்பது, சைக்கிளுக்கு ஒட்டுப் போடுவது போன்றதை, ஒருமுறையேனும் தம் கையால் முழுமையாகச் செய்தல்.

2. ஒரு வேலையைக் கடையில் கொடுக்குமுன், 'திறமை இன்மையால் கொடுக்கிறேனா, கடமையின் அவசரத்தாலா, சோம்பலாலா, பெருமையாலா?' என்று தம்மைத் தாமே கேட்டல்.

3. கொடுத்தபின், நியாயமான கூலியை முகமலர்ச்சியோடு அளித்தல். உடன் குழந்தைகள் இருக்கும்போது இதில் இன்னும் கவனம் வேண்டும்.

ஒட்டு மேலே போடப்படுகிறது. முள்ளோ உள்ளே இருக்கிறது. பணம் கொடுத்தாலும் தானே செய்தாலும், உள்ளிருக்கும் முள்ளை எடுக்காதவரை சக்கரம் காற்றிழந்துகொண்டேதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, டயருக்குள் பொறுமையோடு விரலை ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டும். இந்த ஒரு வேலையை மட்டும் எந்தக் கடையிலும் கூலி கொடுத்துச் செய்வித்துக்கொள்ள முடியாது.